சின்னக் குழந்தைகளோடு தீம் பார்க் பயணம்: டிக்கெட் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டில் ஒன்றுக்கு இரண்டு வயது, இன்னொன்றுக்கு ஐந்து. இவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போய் வரத் தகவல் திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வயது விதி ஓரிடத்தில் இருக்கிறது, உயர விதி வேறிடத்தில் இருக்கிறது. விமான நிறுவனம் சொல்லும் 'குழந்தை' வேறு, பூங்கா சொல்லும் 'குழந்தை' வேறு. இவை எல்லாவற்றையும் எந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைடுகளின் பட்டியலை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வீட்டிலேயே சின்னக் குழந்தை எப்போது தூங்கும், எப்போது பசிக்கும், எவ்வளவு உயரம் என்ற மூன்றையும் வைத்துத் திட்டம் போடுங்கள். எந்தப் பூங்கா, எந்த ஹோட்டல், எத்தனை நாள் என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

1. குழந்தையின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்

ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஓர் அளவுகோல் இருக்கும். அதைத் தொடாத குழந்தை உள்ளே போக முடியாது. அழுதாலும் கெஞ்சினாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. இருக்கையின் தடுப்புப் பட்டை அந்த உயரத்தை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அடிக்கடி எதிர்ப்படும் அளவு 102 சென்டிமீட்டர். அதாவது 40 அங்குலம். நான்கு வயதை ஒட்டிய பல குழந்தைகள் இந்தக் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோதான் இருப்பார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டருக்கு 102 செ.மீ. போதும். அதே பெயரில் ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் இருப்பதற்கு 112 வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் விதியும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஃப்ளோரிடாவில் சின்னவர்களுக்கான பார்ன்ஸ்டார்மர் ரோலர் கோஸ்டருக்கு 89 செ.மீ., ஸ்லிங்கி டாக் டேஷுக்கு 97 செ.மீ. அதே ஃப்ளோரிடாவில் உள்ள யுனிவர்சல் ஆர்லாண்டோவில் ஹாக்ரிட் மோட்டார் சைக்கிள் ரைடுக்கு 122 செ.மீ.

ஆகவே வீட்டில் சுவரோடு நிற்கவைத்து, காலணி இல்லாமல் அளந்து கொள்ளுங்கள். பயணத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிறகு அந்தப் பூங்காவின் அதிகாரபூர்வ தளத்தில் உயரக் கட்டுப்பாடுப் பக்கத்தைத் திறந்து, உங்கள் குழந்தைகள் ஏறக்கூடியதை மட்டும் எழுதுங்கள். இரண்டு நெடுவரிசை போதும்: இருவரும் ஏறக்கூடியவை, பெரியவர் மட்டும் ஏறக்கூடியவை.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எந்தப் பூங்கா உங்களுக்கு என்பது தெரிந்துவிடும். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் டம்போ, பீட்டர் பான், 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' போன்றவற்றுக்கு உயரக் கட்டுப்பாடே இல்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறலாம். வேகத்துக்கும் திகிலுக்கும் பெயர்போன பூங்காவில் சின்னக் குழந்தைக்கு மூன்று நான்குதான் தேறும். அங்கே முழு நாள் டிக்கெட் எடுப்பது வீண். குழந்தைகள் 110 செ.மீ. தாண்டும் வரை அந்த மாதிரிப் பூங்காவைத் தள்ளிப்போடச் சொல்வேன்.

அளவு கூடிவிட்டால் மட்டும் போதாது, பயமும் இருக்கிறது. இருட்டு, திடீர்ச் சத்தம், பெரிய உருவங்கள் எல்லாம் மூன்று வயதுக்காரரைக் கலங்கடிக்கும். ரைடுக்குள் உட்கார்ந்தபடி எடுத்த வீடியோக்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. வீட்டிலேயே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த ரைடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. வயதைப் பிறந்த தேதியோடு வைத்துக் கணக்கிடுங்கள்

பணம் அதிகமாக மிச்சமாவதும் அதிகமாக வீணாவதும் இங்கேதான்.

விமானத்தில் 2 வயது நிறையாத குழந்தை மடியில் உட்காரலாம். சர்வதேசப் பயணத்தில் பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய 10 சதவீதமும் வரிகளும் வாங்குகின்றன. பயணத்தின் நடுவில் 2 வயது முடிந்துவிட்டால், திரும்பி வரும்போது தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். பிறந்தநாள் அந்த வாரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான் என்பதையும் கவனியுங்கள்.

பூங்காவின் கணக்கு வேறு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 3 வயது நிறையாதவர்களுக்கு நுழைவு இலவசம். 3 முதல் 9 வரை குழந்தை, 10 ஆனதும் பெரியவர் கட்டணம். பாரிஸிலும் ஹாங்காங்கிலும் 3 முதல் 11 வரை குழந்தை. டோக்கியோவில் 3 வயது வரை இலவசம், 4 முதல் 11 வரை குழந்தை. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 4 முதல் 12 வரை குழந்தைக் கட்டணம். ஆக, மூன்றரை வயதுக் குழந்தைக்கு டோக்கியோவில் டிக்கெட் வேண்டாம், பாரிஸில் வேண்டும். வயதுக்குப் பதில் உயரத்தை வைத்துக் கட்டணம் போடும் பூங்காக்களும் உண்டு. அங்கே உயரமாக வளர்ந்த குழந்தைக்கு முழுக் கட்டணம் கேட்பார்கள்.

பூங்காவுக்குள் நுழையும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. டிக்கெட் வாங்கும் நாளின் வயது அல்ல. வயதைக் குறைத்துச் சொல்லிப் பார்க்கலாமே என்ற யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். கையில் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டு வாசலில் நின்று பதில் சொல்வது குழந்தைகளின் கண்முன் நடக்கும்.

3. மாதத்தையும் நாட்களின் எண்ணிக்கையையும் முடிவு செய்யுங்கள்

பள்ளி விடுமுறையில்தான் எல்லோரும் போகிறார்கள். உங்கள் குழந்தைகள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்றால் அது பெரிய வசதி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் ஊர் விடுமுறையை அல்ல, பூங்கா இருக்கும் நாட்டின் விடுமுறையை. ஜப்பானில் ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக், சீனாவில் அக்டோபர் முதல் வாரம், அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனை ஒட்டிய வாரம், எங்கும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. இந்த நாட்களைத் தொடவே வேண்டாம். மற்றபடி, வார நாட்கள் வார இறுதியைவிட எப்போதும் மேல்.

அடுத்தது வானிலை. ஃப்ளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னல் அருகில் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பாரிஸில் ஜனவரியில் கூட்டம் குறைவாக இருக்கும், ஆனால் குளிரில் இரண்டு வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் வெளியில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை நாள்? போய்ச் சேர்ந்த மறுநாளே பூங்கா வேண்டாம். நேர மாற்றம் இருந்தால் குழந்தைகள் நள்ளிரவில் விழித்துக்கொண்டு நண்பகலில் சாய்ந்துவிடுவார்கள். ஒரு நாள் ஓய்வு, இரண்டு நாள் பூங்கா, மறுபடி ஒரு நாள் ஓய்வு என்பதுதான் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சரியாக வரும். தொடர்ந்து நான்கு நாள் பூங்கா என்று போட்டால் நான்காம் நாள் டிக்கெட் பெரும்பாலும் ஹோட்டல் அறையிலேயே கழியும்.

4. ஆவணங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள்

இதில்தான் அதிக நாட்கள் போகும். ஆகவே தேதி முடிவானதும் முதல் வேலை இதுதான்.

பாஸ்போர்ட் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வேண்டும், கைக்குழந்தைக்கும்கூட. பெரியவர்களுடையது 10 ஆண்டு என்பதால் குழந்தைகளுடையதும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். பல நாடுகள் குழந்தைகளுக்கு 5 ஆண்டுக்குத்தான் கொடுக்கின்றன. முடியும் தேதியை இன்றே பாருங்கள். சிங்கப்பூர் போன்ற நாடுகள் நுழையும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய, ஃப்ரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் இருக்க வேண்டும். புதுப்பிக்கக் கொடுத்தால் உங்கள் ஊரில் எத்தனை வாரம் ஆகிறது என்று கேட்டு, அதற்கு மேல் ஒரு மாதம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த சில மாதங்களில் எடுத்த படம் மூன்று வயது முகத்தோடு பொருந்தாது. அதற்காகக் கேள்வி கேட்டால் பதற்றப்படாமல் பிறப்புச் சான்றிதழைக் காட்டலாம்.

விசா தேவைப்பட்டால் அதுவும் தலைக்கு ஒன்று. பாரிஸுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு, ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த விசாக் கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அமெரிக்க விசாவுக்குக் கைக்குழந்தைக்கும் முழுக் கட்டணம்தான். நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் ஊர்களும் இருக்கின்றன. விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள். சிங்கப்பூருக்கு விசாவோடு சேர்த்து வருகை அட்டை ஒன்று இருக்கிறது. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும் போகிறீர்களா? தாத்தா பாட்டி கூட்டிப் போகிறார்களா? அப்படியானால் வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் தேவைப்படலாம். பயணத் தேதி, போகும் நாடு, குழந்தையின் பெயர், பாஸ்போர்ட் எண், கூட்டிப் போகிறவர் பெயர், வராதவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கேட்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்டுவிட்டால் குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டு அந்தத் தாளைப் புதிதாக வாங்க வழியே இல்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் படமெடுத்துக் கணவன், மனைவி இருவர் ஃபோனிலும் வையுங்கள். ஒருவர் ஃபோனில் மட்டும் இருந்தால், அவர் ரைடில் இருக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

5. முழுச் செலவையும் எழுதிப் பாருங்கள்

நுழைவு டிக்கெட் மொத்தச் செலவில் ஒரு பங்குதான். அதற்கு மேல் வருபவை: விமானமும் விசாவும், காப்பீடு, ஹோட்டலும் அதன் வரிகளும், விமான நிலையப் போக்குவரத்து, வாகன நிறுத்தக் கட்டணம், பூங்காவுக்குள் சாப்பாடு, லாக்கர், ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி) வாடகை, வரிசையைக் குறைக்கும் பாஸ், பூங்கா ஊழியர்கள் எடுக்கும் படங்கள், ஃபோனுக்கு டேட்டா, கடைசியில் பொம்மைக் கடை.

பொம்மைக் கடையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பல ரைடுகளின் வெளிவழியே கடைக்குள்தான் போய் முடியும். ஆளுக்கு ஒரு பொருள், அதுவும் கடைசி நாளில் என்று வீட்டிலேயே குழந்தையிடம் பேசி வையுங்கள். ஐந்து வயதுக்குப் புரியும். இரண்டு வயதுக்குப் புரியாது, அதைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பதுதான் வழி.

அட்டையில் பணம் கட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?' என்று இயந்திரம் கேட்கும். வசதியாகத் தெரியும், ஆனால் மாற்று விகிதத்தை அவர்களே கூட்டி வைத்திருப்பார்கள். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். வங்கியிடம் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஓடிபி உங்கள் பழைய சிம்மில்தான் வரும் என்பதால் அதில் ரோமிங் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

6. டிக்கெட் வாங்கும்போது

பெரிய பூங்காக்களில் இப்போது ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விலை. ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் 2018-லும் டோக்கியோ டிஸ்னி 2021-லும் இந்த முறைக்கு மாறின. ஒரு வாரத்தை முழுவதும் பார்த்து மலிவான நாளைப் பூங்காவுக்கும் விலை கூடிய நாளை ஓய்வுக்கும் வையுங்கள்.

பூங்காவின் சொந்தத் தளத்திலேயே வாங்குவது நல்லது. இடைத்தளங்களில் விலை சற்றுக் குறையும். எங்களுக்கு அப்படி ஒரு தளத்திலிருந்து வந்தது நேரடி டிக்கெட் அல்ல, வாசல் கவுன்டரில் வரிசையில் நின்று மாற்றிக்கொள்ள வேண்டிய சீட்டு. காலை முதல் மணிநேரம், அதாவது ரைடுகளில் கூட்டமே இல்லாத நேரம், அந்த வரிசையிலேயே கரைந்தது. வேறு தளத்தில் வாங்கத்தான் வேண்டுமென்றால் 'நேரடியாக ஸ்கேன் செய்து உள்ளே போகலாமா, தேதி உறுதியா' என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். யாரோ பயன்படுத்தி மிச்சம் இருக்கும் பல நாள் டிக்கெட்டை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பெயர் மாற்ற முடியாது.

ஒரே இடத்தில் இரண்டு பூங்கா இருந்தால் டிக்கெட் எதற்கு என்று உறுதிப்படுத்துங்கள். டோக்கியோ டிஸ்னிலேண்டும் டிஸ்னிசீயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் சாதாரண ஒரு நாள் டிக்கெட் ஒன்றுக்கு மட்டும்தான். சில இடங்களில் ஒரே நாளில் பூங்கா மாறும் டிக்கெட் விற்பார்கள். சின்னக் குழந்தைகளோடு அது வேண்டாம். மாறுவதற்கு ஆகும் நேரம் ஒரு தூக்கத்தின் நேரம்.

வரிசையைக் குறைக்கும் பாஸ் வாங்கலாமா? முதலாம் படியில் எழுதிய பட்டியலை எடுங்கள். உங்கள் குழந்தைகள் ஏறும் ரைடுகளில் எத்தனை அந்த பாஸில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான்குக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம், காலையில் சீக்கிரம் போவதே போதும்.

7. ஹோட்டலைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

நடுப்பகலில் அறைக்கு வந்து குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, மாலையில் மறுபடி பூங்காவுக்குப் போக முடியுமா? ஹோட்டலிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். நீச்சல் குளமும் காலைச் சாப்பாடும் இரண்டாம்பட்சம்.

'பூங்காவுக்கு இலவசப் பேருந்து' என்று போட்டிருப்பதை நம்பிப் பதிவு செய்யும் முன் நேர அட்டவணையைக் கேளுங்கள். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மட்டும் ஓடும் பேருந்து உங்களுக்கு உதவாது. தூரத்தை ஹோட்டல் வாசலிலிருந்து பூங்கா வாசல் வரை கணக்கிடுங்கள், வாகன நிறுத்தம் வரை அல்ல. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் உள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் காரை நிறுத்திய பிறகும் படகிலோ மோனோரயிலிலோ ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். பூங்காவுக்குச் சொந்தமான ஹோட்டல்களில் விலை கூடுதல்தான், ஆனால் மற்றவர்களுக்கு முன் உள்ளே விடும் சலுகை பலவற்றில் உண்டு. ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் அது அரை மணிநேரம்.

'குழந்தைகள் இலவசம்' என்றால் தங்குவது இலவசம், படுக்கை அல்ல. தொட்டில் வேண்டுமென்று எழுதிக் கேளுங்கள். அறையில் சின்னக் குளிர்பெட்டி இருக்கிறதா, பால் சுடவைக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். டாக்ஸியில் குழந்தை இருக்கை விதி நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் டாக்ஸிக்கு விலக்கு உண்டு, ஆப் மூலம் வரும் தனியார் கார்களுக்கு இல்லை.

8. ஸ்ட்ரோலர்

நன்றாக நடக்கும் ஐந்து வயதுக்காரருக்கும் ஸ்ட்ரோலர் தேவைப்படும். பூங்காவில் ஒரு நாளில் 10 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். வீட்டில் ஸ்ட்ரோலரை விட்டுப் பழகிவிட்டோமே என்று தயங்க வேண்டாம்.

சொந்த ஸ்ட்ரோலர் என்றால் மடக்கினால் ஒரு கையில் அடங்குவதைக் கொண்டு போங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் விமான வாசல் வரை அதை அனுமதிக்கின்றன. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் அகலம் 79 செ.மீ., நீளம் 132 செ.மீ. தாண்டக் கூடாது, இழுவண்டிக்கு அனுமதி இல்லை. பூங்காவில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக். சாய்த்துத் தூங்க வைக்க முடியாது, வாசலைத் தாண்டி ஹோட்டலுக்கும் கொண்டுபோக முடியாது.

ரைடு வரிசைக்குள் ஸ்ட்ரோலரை விடமாட்டார்கள். வெளியே வரிசையாக நிறுத்த வேண்டும். ஊழியர்கள் இடம் மாற்றி வைப்பதும் உண்டு, அதனால் கைப்பிடியில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். பாஸ்போர்ட், பணம், ஃபோன் எதையும் அதில் விட்டுப் போகாதீர்கள்.

9. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பை போதும், அதை ஒருவர் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு மாற்று உடை (தண்ணீர் ரைடு இருந்தால் இரண்டு), மணிக்கு ஒன்று என்ற கணக்கில் இல்லாமல் வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாக டயப்பர், ஈரத் துடைப்பான், தொப்பி, மழைக்கோட்டு, காலித் தண்ணீர் பாட்டில். சன் ஸ்கிரீன் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசாமல் நிழலில் வையுங்கள். மற்றவர்களுக்கு இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வாணவேடிக்கை பார்க்கப் போகிறீர்கள் என்றால் காதடைக்கும் ஹெட்ஃபோன் கட்டாயம்.

மருந்துகளைக் கிளம்பும் முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, எனவே இன்றைய எடைக்கான அளவை அவரையே எழுதித் தரச் சொல்லி அந்தத் தாளை மருந்தோடு வையுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் 100 மில்லி திரவ விதியிலிருந்து குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பல நாடுகளில் விலக்கு உண்டு. சோதனையின்போது தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 20,000 எம்ஏஎச் வரையுள்ளவை, அனுமதிக்கப்பட்ட 100 வாட்-அவர் எல்லைக்குள் வரும்.

வெளிச் சாப்பாடு விஷயத்தில் பூங்காக்கள் இரண்டு வகை. டிஸ்னி வேர்ல்ட் அனுமதிக்கிறது, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. டோக்கியோ அனுமதிப்பதில்லை. குழந்தை உணவைப் பொதுவாகத் தடுப்பதில்லை. இதை முன்பே பார்த்துக்கொண்டால் வாசலில் குப்பைத் தொட்டியில் போட வேண்டியிருக்காது.

10. பூங்கா நாள்

முந்தைய வாரமே பூங்காவின் ஆப்பை இறக்கி, கணக்கு தொடங்கி, எல்லோருடைய டிக்கெட்டையும் அதில் இணைத்துவிடுங்கள். வாசலில் நின்று கடவுச்சொல் தேடும் கூட்டத்தை நீங்களே பார்ப்பீர்கள். காத்திருப்பு நேரம், அருகிலுள்ள கழிவறை, சாப்பாடு முன்பதிவு எல்லாம் ஆப்பில்தான்.

திறக்கும் நேரத்துக்கு 45 நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். சின்னக் குழந்தைகள் எப்படியும் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள், அது இங்கே உதவுகிறது. முதல் இரண்டு மணிநேரத்தில் முடிப்பதை மதியம் முழுவதும் நின்றாலும் முடிக்க முடியாது. உயரக் கட்டுப்பாடு இல்லாத, ஆனால் எப்போதும் நீண்ட வரிசை நிற்கும் ரைடை முதலில் எடுங்கள். ஃப்ளோரிடாவில் பீட்டர் பான் அப்படிப்பட்டது.

சாப்பாட்டை 11 மணிக்கு முடியுங்கள். 12 மணிக்குப் போனால் இடம் தேடவே அரைமணி ஆகும், அதற்குள் பசி அழுகையாகிவிடும். 12 மணிவாக்கில் வெளியே வந்து அறைக்குப் போய்த் தூங்க வையுங்கள். பெரும்பாலான பூங்காக்களில் அதே நாளில் திரும்ப உள்ளே போகலாம். வெளியேறும்போது முத்திரை குத்த வேண்டுமா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 4 மணிக்குத் திரும்பி வந்தால் வெயிலும் தணிந்திருக்கும், குழந்தைகளின் முகமும் தெளிந்திருக்கும். டிக்கெட் பணம் வீணாகிறதே என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களின் குழந்தைகள்தான் 3 மணிக்குத் தரையில் புரண்டு அழுகிறார்கள். அது குழந்தையின் குற்றம் அல்ல.

உயரம் போதாத குழந்தை இருக்கும்போது பெரியவருக்கு ரைடு இல்லை என்று நினைக்க வேண்டாம். முறை மாற்றி ஏறும் வசதி இருக்கிறது. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப். எல்லோரும் சேர்ந்து ரைடு வாசலுக்குப் போய் ஊழியரிடம் சொல்ல வேண்டும். ஒருவர் ஏறி இறங்கும் வரை மற்றவர் சின்னக் குழந்தையோடு இருப்பார். பிறகு அவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். ஏறும் உயரமுள்ள பெரிய குழந்தைக்கு இருவரோடும் இரண்டு முறை ஏறும் வாய்ப்பும் கிடைக்கும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

குழந்தை பராமரிப்பு அறை எங்கே என்பதை உள்ளே போனதும் வரைபடத்தில் பாருங்கள். பால் கொடுக்க, டயப்பர் மாற்ற, பால் சுடவைக்க அமைதியான இடம். டிஸ்னி பூங்காக்கள் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. டயப்பர் தீர்ந்துவிட்டாலும் அங்கே விலைக்குக் கிடைக்கும்.

11. குழந்தை கைவிட்டுப் போனால்

தினமும் காலையில் பூங்கா வாசலில் குழந்தையை நிற்க வைத்து முழு உடையும் தெரிய ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம்கூட நினைவுக்கு வராது. கையில் உங்கள் ஃபோன் எண் எழுதிய பட்டை கட்டுங்கள். நாட்டுக் குறியீட்டோடு, அங்கே வேலை செய்யும் எண்ணாக இருக்கட்டும். பெயரை வெளியில் தெரியும்படி எழுத வேண்டாம்.

பெயர் அட்டை அணிந்த ஊழியரைக் குழந்தைக்குக் காட்டி, 'அம்மாவைக் காணோம் என்றால் இந்த மாதிரி அட்டை போட்டவரிடம் போய் நில்' என்று சொல்லி வையுங்கள். காணவில்லை என்று தெரிந்த அந்த நொடியே நீங்களும் அருகிலிருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். நாமே முதலில் தேடிப் பார்ப்போம் என்று பத்து நிமிடம் கடத்தாதீர்கள். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, மற்றவர் தேடட்டும்.

12. கிளம்பும் நாள்

வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்கு வரும். தூங்கிவிழும் குழந்தையோடு அதில் மாட்டாமல் இருக்க, முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே வாசல் பக்கம் நகர்ந்து அங்கிருந்து பாருங்கள். இல்லையென்றால் கூட்டம் கலையும் வரை அரைமணி உட்கார்ந்துவிடுங்கள்.

ஸ்ட்ரோலருக்கோ லாக்கருக்கோ முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்குங்கள். தொலைந்த பொருளை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பூங்காவின் தளத்தில் பதிவு செய்யுங்கள். பொம்மையாக இருந்தாலும் செய்யுங்கள், குழந்தைக்கு அதுதான் முக்கியம். வீடு வந்ததும் அட்டைக் கணக்கை ஒரு மாதம் வரை பாருங்கள். ஹோட்டல் பிடித்து வைத்த முன்தொகை வெளிநாட்டு அட்டைக்குத் திரும்பி வரச் சில வாரங்கள் ஆவது உண்டு. வரவில்லையென்றால் ஹோட்டல் ரசீதோடு வங்கிக்கு எழுதுங்கள்.